அடங்கிய அச்சமும் அகன்ற அச்சமும்

(தசலட்சணப் பருவம், உத்தம ஆர்ஜவ நாள் உரை)



மனம், சொல், செயல் மூன்றும் ஒரே நேராக நிற்பது ஆர்ஜவம். பிறரை வஞ்சியாமை அதன் ஒரு பாதி. தன் அச்சத்தைத் தன்னிடமே மறையாமை மறு பாதி.

ஜினாகமம் அச்சத்தை மறைக்கவில்லை. ஒன்பது நோகஷாயங்களுள் பயத்தையும் ஒன்றாக வைத்தது. இம்மை, மறுமை, வேதனை, காவலின்மை, மறைவிடமின்மை, மரணம், எதிர்பாரா இடர் என ஆசாரியர்கள் அதனை ஏழாக வகுத்துப் பெயரும் இட்டனர். பெயரறிந்த பகையையே எதிர்கொள்ள இயலும்.

எளிதில் கலங்கும் தன்மையை ஆளுமையின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக 1947இல் வகுத்துரைத்தார் உளவியலறிஞர் ஹான்ஸ் ஐசங்க். அத்தன்மை மிக்கவர்க்குப் பதற்ற நோய் வரும் வாய்ப்பு அதிகம். எனினும் இயல்பே விதியன்று. கலக்கத்தை உணர மறுத்து விலகும் பழக்கம் அதனோடு சேரும்போது அச்சம் வேரூன்றுகிறது. நோய் இருக்குமோ என அஞ்சி மருத்துவரை நாடாதவர்க்கு அப்போதைக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்நிம்மதியே மறுமுறையும் விலகச் சொல்கிறது. தம் அச்சம் மெய்யோ பொய்யோ என அறியும் வாய்ப்பை அவர் இழக்கிறார்.

1987இல் டேனியல் வெக்னர் குழுவினர், வெள்ளைக் கரடியை நினையாதீர் எனச் சிலரிடம் கூறிச் சோதித்தனர். அவர்களால் அந்நினைவை விலக்க இயலவில்லை. பின்னர் நினைக்க விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவரைவிட மிகுதியாக நினைத்தனர்.

குணஸ்தானங்கள் பதினான்கினுள் பதினொன்றாவதாகிய உபசாந்த மோகம் இங்கு எண்ணத்தக்கது. அங்கு மோகம் அழியவில்லை, அடங்கியிருக்கிறது. தேற்றாங்கொட்டையால் தெளிந்த நீரில் சேறு அடியில் தங்குவதற்கு அதனை ஒப்பிட்டனர் சான்றோர். கலம் அசைந்தால் நீர் மீண்டும் கலங்கும். அத்துணை உயர்ந்த முனிவரும் அந்நிலையினின்று இறங்கியே ஆக வேண்டும். மோகத்தை வேரறுப்பவரோ பத்திலிருந்து நேரே பன்னிரண்டை அடைகிறார். முனிவர்க்கே அவ்வாறெனில், இல்லறத்தார் அச்சத்தை அமுக்கி வைத்து அமைதி பெறுவது எங்ஙனம்?

ஆதலின், அஞ்சும் குழந்தையிடம் “பயப்படாதே” என்று வாயை அடைப்பது அறமாகாது. “எதற்கு அஞ்சுகிறாய்?” என வினவுதலே அறம். சாமாயிகத்தில் அமர்வோர் எழும் அச்சத்தை விரட்டாமலும் அதன் பின்னே ஓடாமலும் அறிபவராய் நிற்கலாம். ஆலோசனையில் குற்றத்தை ஒளியாமல் உரைப்பது போல, இல்லத்தாரிடம் கலக்கத்தையும் உரைக்கலாம். உறக்கமும் உணவும் கெடுமளவு பதற்றம் மிகுந்தால் மனநல மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவாகாது. நோயுற்ற உடலுக்கு மருந்து தேடுவது போன்றதே அது.

நேர்மை நெஞ்சிலிருந்து தொடங்குக! அறம் வளர்க!