அலறும் கட்டையும் ஊமைக் கட்டையும்

பாடகரின் சுருதியை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று குறிப்பது நம்மவர் வழக்கம். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணியதால் வந்த கணக்கு அது. இன்று ஆர்மோனியம் இருந்த இடங்கள் பலவற்றில் மின்சாரக் கீபோட் வந்தமர்ந்துள்ளது.

அத்தகைய கருவியொன்றில் பழகும் சிறுமி ஒருத்தியை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் "மெல்ல, மெல்ல" என்கிறார். அவளும் மெல்லவே தொடுகிறாள். ஆயினும் ஒரு கட்டை மாத்திரம் அலறுகிறது. கனத்த கை என்ற பெயர் அவளுக்கு வந்துவிடுகிறது. குற்றம் அவள் விரலில் இல்லை. கட்டையின் அடியில் ஒட்டிய தூசியில் இருக்கிறது.

1700ஆம் ஆண்டளவில் இத்தாலியரான கிறிஸ்தோபோரி அமைத்த பியானோவில், விரலின் வேகம் சுத்தியலுக்கும், சுத்தியலின் வேகம் தந்திக்கும் சென்றது. கீபோட்டில் தந்தியில்லை. ஒவ்வொரு கட்டையின் கீழும் குமிழ் போன்ற இறப்பரும், அதனுள் காபன் பூசிய இரு பொட்டுக்களும் உள்ளன. கட்டை இறங்குகையில் ஒரு பொட்டு முதலிலும் மற்றது சற்றுப் பின்னரும் மின்தகட்டைத் தொடும். இடைப்பட்ட நேரம் குறைந்தால் ஓசை பெரிது, கூடினால் சிறிது. ஆக, இக்கருவி விரலின் பலத்தை அறிவதேயில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. பொட்டொன்றில் அழுக்குப் படிந்தால் அவ்வளவு பிழைக்கும். கட்டை அலறும், அல்லது ஊமையாகும்.

இதனைத் திருப்புளி எடுக்காமலே சோதிக்கலாம். கருவியை ஓகன் ஓசைக்கு மாற்றுக. அவ்வோசை பெரும்பாலும் விரலின் வேகத்துக்கேற்ப மாறுவதில்லை. பியானோ ஓசையில் அலறிய கட்டை இங்கே அடங்கி ஒலித்தால், பழுது பொட்டிலேதான் என்று பெரும்பாலும் துணியலாம். ஒழுங்கான இடைவெளியில் பல கட்டைகள் ஊமையானால் மின்சுற்றையோ இணைப்பு நாடாவையோ ஐயுற வேண்டும். அது திருத்துநரின் வேலை.

அழுத்திய கட்டை மேலெழாவிடின் நாணயமோ கொண்டையூசியோ உள்ளே விழுந்திருக்கக்கூடும். மின்னிணைப்பை அகற்றி, கருவியைக் கவிழ்த்து மெதுவாக அசைத்தால் அது வெளிவருவதுண்டு. எண்ணெய் விடுவது நம்மவரிடம் காணப்படும் பெருந்தவறு. கதவின் கீலுக்கு உதவும் எண்ணெய் இங்கே தூசியைப் பிடித்து வைக்கும், இறப்பரையும் கெடுக்கும். இனிப்பிட்ட தேநீர் சிந்தினாலோ, வேலை செய்கிறதா என்று மின்னேற்றிப் பார்க்கவே கூடாது.

உத்தரவாதக் காலம் முடிந்த கருவியைப் பொறுமையுள்ளவர் திறக்கலாம். திருகாணிகள் ஒரே நீளத்தன அல்ல. எது எங்கிருந்தது என்பதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தல் நன்று. இறப்பர்ப் பட்டியைக் கழற்றி, மின்தகட்டை 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்ந்த, நூல் உதிராத துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். காபன் பொட்டைக் கத்தியால் சுரண்டினால் பூச்சுப் போய்விடும். பின்னர் புதிய பட்டிதான் தேட வேண்டும். நன்றாக உலர்ந்தபின், பட்டியின் சிறு முளைகள் யாவும் துளைகளில் இறங்கப் பொருத்துக. ஒரு முளை விலகினாலும் இந்தக் கட்டையின் நோய் பக்கத்துக் கட்டைக்குத் தாவும்! சுத்தியல் பொறியுள்ள 88 கட்டைக் கருவிகளை மாத்திரம் வீட்டில் பிரிக்காதிருப்பதே புத்தி.

மூடியபின் இடக்கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக ஒரே வேகத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு அச்சிறுமியை அழைத்து, அதே பாடத்தை மீண்டும் வாசிக்கச் சொல்லலாம்.