அமுக்கரா இலையும் உறக்கமும்



உறக்கமின்றி வருந்தும் முதியோருக்கு அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து கொடுப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இச்செடியின் தாவரவியற் பெயரில் உள்ள ‘சோம்னிபெரா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கும் ‘உறக்கம் தருவது’ என்பதே பொருள். சென்னையில் அடையாற்றை அடுத்த திருவான்மியூரில், 1944-இல் தொடங்கப்பெற்ற மருத்துவர்களின் கூட்டுறவு நிறுவனமாகிய இம்ப்காப்ஸ் செய்துவரும் மருந்துகளுள் இச்சூரணமும் ஒன்று. இத்தகைய மருந்துச் சாலைகளுக்கு வேண்டிய சரக்கு உழவர்களின் நிலத்தில் விளைவதேயாகும்.

நம் முன்னோர் உள்ளுக்குக் கொடுத்தது இச்செடியின் கிழங்கையே. அதையும் பாலாவியில் அவித்து, உலர்த்தி, இடித்த பின்னரே பயன்படுத்தினர். இலையையோ அரைத்துக் கட்டிக்கும் வீக்கத்திற்கும் மேற்பூச்சாக இட்டனர்.

2017-இல் ஜப்பான் நாட்டுச் சுகுபா பல்கலைக்கழக அறிஞர்கள், அமுக்கரா இலையின் நீர்ச்சாற்றிலுள்ள ஒரு பொருள் எலிகளுக்கு உறக்கத்தை மிகுவிப்பதைக் கண்டறிந்தனர். இதைக் கேட்டதும், வீணாகும் இலையையும் காசாக்கலாமே என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. ஆனால் எலிக்கு உறக்கம் தந்தது மனிதருக்கு மருந்தாகிவிடாது. கிழங்கில் குறைவாக உள்ள வித்தபெரின் என்னும் கடுஞ்சத்து இலையில் மிகுதி. எனவே, மருந்து செய்வோர் இலையைத் தவிர்த்துக் கிழங்கையே பயன்படுத்துமாறு மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது.

ஆதலால், கிழங்கைத் தோண்டியவுடன் தழையையும் தண்டையும் அறுத்து நீக்குங்கள். மண் போகக் கழுவி, நன்கு உலர்த்தி, தடிப்புக்கு ஏற்பத் தரம் பிரியுங்கள். சருகு கலந்த மூட்டை விலை குறைவதோடு, உண்போர் உடலுக்கும் தீங்கு விளைக்கக்கூடும். ஒருவர் செய்யும் கலப்படம் ஊர்ச் சரக்கு முழுவதன் நற்பெயரையும் கெடுத்துவிடும். இதனை ஊராட்சியே எடுத்துரைத்தல் நலம்.

கிழங்கும் எல்லோருக்கும் ஏற்றதன்று. கருவுற்ற பெண்கள் அதனை விலக்க வேண்டும். தைராய்டு நோய்க்கோ உறக்கத்திற்கோ மாத்திரை உண்போரும், கல்லீரல் நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. பல நாள் தொடர்ந்து உறக்கம் கெடுமாயின், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுங்கள். உறக்கமின்மை வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.