அரியது நிகழும் வழி



தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக இந்த நாவலூர்க் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவுக்குப் புறப்பட்டபோது, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மரச்செறிவைக் கண்டவுடன், அந்த மரங்களின் நிழலில் 1950-களின் நடுவே இண்டர்மீடியட் வகுப்பில் ஈராண்டு பயின்றுவிட்டுப் பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த கணித ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கிய ஒரு தமிழரைப் பற்றியே இன்று உங்களிடம் பேசுவது என்று நிச்சயித்துக்கொண்டேன். அவர் எஸ். ஆர். சீனிவாச வரதன். 1940 ஜனவரி 2-ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். 2007-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஏபெல் பரிசைப் பெற்றவர். பரிசைப் பற்றிப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. பரிசுக்கு முன்னே நீண்டு கிடக்கும் பாதையே எனக்கு முக்கியம்.

அவருடைய தந்தையார் அறிவியல் ஆசிரியராயிருந்து பொன்னேரி உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானவர். அந்தப் பள்ளியில் சாமிநாத ஐயர் என்றொரு கணித ஆசிரியர் இருந்தார். வார இறுதியில் வரதன் உள்ளிட்ட சில மாணவர்களைத் தம் வீட்டுக்கு வரச் சொல்லி, பாடத்தில் இல்லாத கணக்குகளை அவர்கள் முன் வைத்து, சதுரங்கம் ஆடுவோர் காயை நகர்த்துவதற்கு முன் எத்தகைய ஆனந்தத்தோடு யோசிப்பார்களோ அத்தகைய ஆனந்தத்தோடு அவற்றை யோசிக்கும்படி அவர்களைப் பழக்கினார். பரீட்சைக்கும் அந்தக் கணக்குகளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஏபெல் பரிசை ஒட்டி எடுக்கப்பட்ட பேட்டியில், கணிதத்தில் தமக்கு நாட்டம் பிறந்த விதத்தைக் கேட்டபோது, வரதன் முதலில் நினைவுகூர்ந்தது இந்த ஆசிரியரைத்தான். நாற்பதாண்டு கணிதம் போதித்தவன் என்ற முறையில் இதைப் படித்தபோது என் மனம் கலங்கியது. பாடத்திட்டத்துக்கு அப்பால் வினா எழுப்பிய மாணவர்களிடம் ‘அது பரீட்சைக்கு வராது’ என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்த்தேன்.

மாநிலக் கல்லூரியில் 1959-ல் புள்ளியியல் பட்டம் பெற்ற வரதன், கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிலையத்துக்குச் சென்றார். ஆலைகளில் உற்பத்தியாகும் பொருள்களின் தரத்தைப் புள்ளியியல் கொண்டு பரிசோதிக்கும் தொழிலைக் கற்பதே அவர் எண்ணம். நாலு பேரைப் போல நல்ல உத்தியோகம் ஒன்றில் அமர்வதே நோக்கம். அங்கே சக மாணவர்களாகக் கிடைத்த பார்த்தசாரதியும் ரங்காராவும் அவரைத் தூய கணிதத்தின் பக்கம் இழுத்துவந்து சேர்த்தார்கள். சி. ஆர். ராவ் ஆய்வுக்கு வழிகாட்டினார். 1962-ல் கல்கத்தாவுக்கு வந்த ருஷ்யப் பேரறிஞர் கொல்மகோரவ் அந்த இளைஞரின் பேச்சைக் கேட்டார். அவருடைய ஆய்வேட்டையும் பரிசீலித்தார்.

1963-ல் வரதன் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரன்ட் கணித நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தொப்பி செய்யும் ஆலையாக முன்பு இருந்த ஒரு பழைய கட்டடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், சுற்றிலும் தட்டச்சுப் பொறிகளின் ஓசைக்கு நடுவே அமர்ந்துதான் அவர் தம் வேலையைத் தொடங்கினார். பிறகு அந்த நிலையத்தை விட்டு அவர் வேறு நிறுவனத்துக்கு மாறவில்லை. அங்கேயே உதவிப் பேராசிரியராகி, 1972-ல் பேராசிரியராகி, இருமுறை அதன் இயக்குநராகவும் பொறுப்பேற்று, அரை நூற்றாண்டுக்கு மேல் கற்பித்தார். அவரிடம் ஆய்வுப்பட்டம் பெற்றோர் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். சம்பளத்துக்காக ஆண்டுதோறும் நிறுவனம் மாறுவதே சாமர்த்தியம் என்று எண்ணும் இந்நாளில், ஓரிடத்தில் வேரூன்றியிருப்பதன் பயனையும் சற்றே கருதிப் பாருங்கள் என்று, இந்தத் தகவல் தொழில்நுட்பச் சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் கண்டது என்ன? ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால் ஐம்பதை ஒட்டித் தலை விழும் என்பது யாவரும் அறிந்தது. எழுபதோ அதற்கு மேலோ தலை விழுவதற்குள்ள வாய்ப்பு ஏறத்தாழ 25,000-த்தில் ஒன்று. 1,000 முறை சுண்டி 700 தலையை எதிர்பார்த்தாலோ, அவ்வாய்ப்பு, ஒன்றின் பின்னே 35 சுழிகளுக்கு மேல் இட்டு எழுதவேண்டிய ஓர் எண்ணில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இப்படி அருகிப் போகும் வாய்ப்பு எந்த வேகத்தில் அருகுகிறது என்பதை அளப்பதுதான் பெருவிலக்கக் கோட்பாடு. காப்பீட்டு நிறுவனத்தின் மீது இழப்பீடுகள் ஒருசேரக் குவிந்து அதன் முதலையே விழுங்கிவிடும் அபாயத்தை ஆராய்ந்த ஸ்வீடன் தேசத்துக் கிரேமர் 1938-லேயே இதற்கு வித்திட்டார். வெவ்வேறு துறைகளில் தனித்தனியே கிடந்த இத்தகைய வினாக்களுக்கெல்லாம் பொதுவான ஒரே விதியை 1966-ல் வகுத்தளித்தவர் வரதன். மூத்த சகாவான டான்ஸ்கரோடு அந்த விதியை மேலும் மேலும் விரித்து 1975 முதல் கட்டுரைகள் எழுதினார். ஸ்ட்ரூக் என்னும் அமெரிக்க நண்பரோடு சேர்ந்து, நீரில் மிதக்கும் துகளின் தடுமாற்றத்தைப் போன்ற இயக்கங்களை ஆராயப் புதிய மார்க்கம் ஒன்றையும் கண்டார். அது 1979-ல் நூலாயிற்று.

அந்தக் கோட்பாட்டில் என்னை மிகவும் வசீகரிக்கும் கருத்து ஒன்று உண்டு. மிக அரிய சம்பவம் நிகழ்ந்தே விட்டதாயின், அது நிகழக்கூடிய எண்ணற்ற வழிகளுள் எது அருமை மிகக் குறைந்ததோ, ஏறக்குறைய எப்போதும் அந்த வழியில்தான் நிகழ்ந்திருக்கும். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், முடிச்சூர் வீடுகள் நீரில் மூழ்கியதையும் இங்குள்ள பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளம் திடீரென ஆகாயத்திலிருந்து இறங்கிய மாயமன்று. நவம்பர் மழையால் ஏரிகளெல்லாம் நிரம்பி, மண் குடித்துத் தீர்ந்து, மேலும் ஒரு சொட்டைத் தாங்க இடமின்றி இருந்த நிலத்தின் மீதே அந்தப் பெருமழை பெய்தது.

வரதனின் வாழ்க்கையை நோக்கும்போதும் எனக்கு அவ்வாறே தோன்றுகிறது. இது கணிதமன்று, என் அபிப்பிராயம். பொன்னேரியில் பயின்ற சிறுவர் ஒருவர் ஆஸ்லோ நகரில் அரசர் கையால் பரிசு பெறுவது அரிதினும் அரிது. ஆயினும் அது நிகழ்ந்த வழியில் ஒவ்வோர் அடியும் எளியது: ஓர் ஆசிரியரின் வீட்டுத் திண்ணை, இரு நண்பர்களின் வற்புறுத்தல், ஜன்னலற்ற ஓர் அறை, கேள்விகளோடு வந்து கதவைத் தட்டும் ஒரு மூத்த சகா.

துயரமும் அவரை விட்டுவைக்கவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் அவர் தம் மகன்களில் ஒருவரைப் பறிகொடுத்தார். அதைப் பற்றிக் கோட்பாடு பேச எனக்கு உரிமையில்லை. அதற்குப் பிறகும் அவர் வகுப்பறைக்குச் சென்று கற்பித்தார் என்பதை மட்டும் வணக்கத்தோடு சொல்லி அமைகிறேன்.

மாணவச் செல்வங்களே, சாமிநாத ஐயர் முறையில் உங்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 100 முறை சுண்டிய நாணயத்தில் 70 தலை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகப்படியாக விழுந்த அந்த 20 தலைகள் எங்கே இருக்கும்? ஒரே இடத்தில் கொத்தாகக் கூடி நிற்குமா, தொடக்கம் முதல் கடைசி வரை பரவிக் கிடக்குமா? இன்று இரவு வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். விடையை யாரும் திருத்தப் போவதில்லை, அவசரமும் இல்லை.