நம்மைப் பற்றி யார் பேசுவது?



மொரப்பூரில் உட்கார்ந்து பிரெஞ்சுத் தத்துவம் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பேசலாம், நம் கேள்வியிலிருந்து தொடங்கினால். நம்மைப் பற்றி யார் பேசுவது என்பதே நம் கேள்வி.

1971இல் மிஷெல் ஃபூக்கோவும் அவர் நண்பர்களும் பிரான்சில் சிறைகள் குறித்த தகவல் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். கைதிகளுக்காகத் தாங்கள் பேசாமல், கேள்வித்தாள்களைச் சிறைக்குள் அனுப்பி, கைதிகள் சொன்னதை வெளியிட்டார்கள். 1975இல் காஃப்கா பற்றிய நூலில் டெல்யூஸும் கத்தாரியும் 'சிறுபான்மை இலக்கியம்' பற்றி எழுதினார்கள். பெரிய மொழிக்குள் இருந்துகொண்டே ஒரு சிறுபான்மை படைக்கும் இலக்கியம் அது. அங்கே ஒருவர் கதை சொன்னாலும் ஒரு கூட்டமே பேசுகிறது.

1990களில் ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி நடத்திய 'நிறப்பிரிகை' இச்சிந்தனைகளையும் தலித் அரசியலையும் சேர்த்தே விவாதித்தது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. தெருவின் பேச்சுத்தமிழிலேயே ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் அந்தத் தெருவின் வாழ்க்கையையும் சொன்னது. அதற்கு எந்தத் தத்துவவாதியின் அனுமதியும் தேவைப்படவில்லை.

ஃபூக்கோ சிறைச்சுவரையும் கண்காணிப்பையும் 1975இல் விளக்கினார். ஊருக்கும் சேரிக்கும் நடுவே பெரும்பாலும் சுவர் இல்லை. ஆனாலும் யார் எங்கே நிற்பது, எந்தக் குவளையில் குடிப்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சாதி செங்கல் சுவரல்ல, மனத்தில் இருப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். ஃபூக்கோவைப் படிக்கும் மாணவர் அம்பேத்கரையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டன. வழக்குக் கோப்பும் இழப்பீட்டுப் பட்டியலும் அதைப் பதிவு செய்தன. பீரோவும் கட்டிலும் அவற்றில் கணக்காகின்றன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்து அவற்றை வாங்கிய ஆண்டுகளைச் சொல்லப் புனைகதை வேண்டும். அதை நாமே எழுத வேண்டும்.

ஆனால் 'நாம்' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு படிநிலை உண்டு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994), தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதையைச் சொல்லி அதைக் காட்டியது. அந்நாவல் நம்மிடையே கசப்பான விவாதத்தைக் கிளப்பியது. அந்தக் கசப்பும் நமக்குத் தேவைதான். பிறர் நமக்காகப் பேசுவதை மறுக்கிற நாம், நமக்குள் பேச முடியாதவர்களுக்காகப் பேசிவிடக் கூடாது.

எனவே மாணவர்களிடம் கேட்கிறோம்: கோட்பாட்டைப் படியுங்கள். பிறகு உங்கள் தெருவில் இதுவரை யாரும் கேட்காதவரிடம் போய் உட்காருங்கள். அவர் எழுதட்டும், எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

ஜெய்பீம்.