படத்தில் ஒன்றும் இல்லையாம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பெக்டரியில் சலிக்கிற பக்கம் வேலை செய்யும் ஓர் அக்கா போன மாதம் என்னிடம் வந்தார். என்னிடம் படிக்கும் பிள்ளையின் தாய். இருமலும் இழுப்பும். வேலை நாட்களில் பின்னேரம் ஆனால் மூச்சு முட்டுகிறது, இரண்டு நாள் வீட்டில் இருந்தால் குறைகிறது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துவிட்டு, "படத்தில் ஒன்றும் இல்லை" என்றார்களாம். அதையே பிடித்துக்கொண்டு வேலைத்தளத்தில், "பிறகு எதற்கு இடம் மாற்றம்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

படத்தில் ஒன்றும் இல்லை என்பதும், நோய் இல்லை என்பதும் ஒன்றா?

எக்ஸ்ரே படம் ஒரு நிழல்தான். எலும்பு கதிரைத் தடுக்கும், வெள்ளையாக விழும். சுவாசப்பை காற்று நிறைந்த பஞ்சு மாதிரி. கதிர் ஊடுருவிப் போய்விடும், கறுப்பாகத் தெரியும். கல் தூசியும் நிலக்கரித் தூசியும் வருடக்கணக்காகப் படிந்து, உள்ளே தழும்பு ஏறினால்தான் புள்ளிபுள்ளியாக நிழல் விழும். நம் நாட்டுக் காரீயச் சுரங்கத் தொழிலாளரை இப்படிப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் படத்தில் மாற்றம் இருந்தது. அந்த மாற்றம் தெரிய எத்தனை வருடம் தூசி தின்றிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

மூச்சின் கடைசிக் காற்றறை வரை போகும் தூசி, நம் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆஸ்பத்திரிப் படத்தில் அதைத் தனித்தனியாகப் பார்க்கவே முடியாது.

பிரான்சில் கிரெனோபிள் என்ற நகரத்தில் ஒரு யந்திரம் இருக்கிறது. 844 மீற்றர் சுற்றளவுள்ள வளையம். நம் பிள்ளைகள் நானூறு மீற்றர் ஓட்டத்தை இரண்டு முறை ஓடினாலும் மிச்சம் இருக்கும். அதற்குள் இலத்திரன்களைச் சுழலவிட்டு, ஆஸ்பத்திரிக் கதிரைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பிரகாசமான எக்ஸ்ரே கதிரை எடுக்கிறார்கள். தடுபட்ட கதிரை மட்டுமல்ல, சதையின் விளிம்பில் துளியளவு வளைந்து வரும் கதிரையும் அது கணக்கெடுக்கும். தெளிந்த தண்ணீர் வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. ஆனாலும் பீலிக்கரைத் தண்ணீரின் அடியில் வெயில் கோடுகோடாக நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரிதான். இறந்தவர்களின் முழுச் சுவாசப்பையை வெட்டாமலே படம் பிடித்து, வேண்டிய இடத்தை மட்டும் மயிரைவிட மெல்லிய நுணுக்கம் வரை பெருப்பித்துக் காட்டும் முறையை 2021இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட வளையங்களில் இன்னொரு முறையும் உண்டு. சதைத் துண்டில் கதிர் பட்டதும் ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கதிரை வீசும். உள்ளே கிடப்பது இரும்பா, சிலிக்கனா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் உயிரோடு இருக்கிற ஆளின் சுவாசப்பையை அவ்வளவு நுணுக்கமாக அப்படிப் படம் பிடிக்க முடியாது. செத்த பிறகு கிடைக்கும் சாட்சி அது. நமக்கு உயிரோடு இருக்கும்போதே சாட்சி வேண்டும்.

தேயிலைத் தூசி கல் தூசி அல்ல. சலிக்கும்போது பறக்கிற பஞ்சு சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கி இழுப்பைக் கொண்டுவரும். இதை வெளிநாட்டான் வந்து கண்டுபிடிக்கவில்லை. நம் நாட்டு வைத்தியர் உரகொட 1970இலேயே எழுதிவிட்டார். இந்த நோயில் நெஞ்சுப் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதைக் காட்டுவது ஊதிப் பார்க்கும் கருவி. வேலைக்கு முன்னும் பின்னும், லீவு நாளிலும் ஊதி அளவைக் குறித்து வந்தால் வித்தியாசம் தெரியும். ஆகவே வைத்தியரிடம் போனால் "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த அறையில், எத்தனை வருடம், எந்த நாளில் கூடுகிறது, எந்த நாளில் குறைகிறது என்று சொல்லுங்கள். ஊதிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தூசியைத் தொழிலாளர் சுவாசிக்காமல் காக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்திருக்கிறது. முடிந்தால் தூசி எழும் இடத்திலேயே அதை இழுத்து வெளியேற்ற வேண்டும். சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொள்வது அந்தச் சட்டத்தில் இல்லை.

அந்த அக்கா இப்போது தினமும் எழுதி வைக்கிறார். மகள்தான் கோடு போட்டுக் கொடுக்கிறாள். சலிக்கிற பக்கம் வேலை செய்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். கொப்பிகள் கொண்டுவந்திருக்கிறேன்.