அம்மம்மாவின் அசையும் ஆதனம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



டொக்டர் என்றபடியால் நீரிழிவைப் பற்றிப் பேசுவேன் என்று விழாக் குழுவினர் நினைத்திருக்க வேண்டும். "விரும்பினதைப் பேசுங்கோ" என்று செயலாளர் சொன்னார். "மாட்டைப் பற்றிப் பேசலாமோ?" என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "பேசுங்கோ" என்றார். ஆகவே இனி வருவதற்கெல்லாம் பொறுப்பு அவர்தான்.

நான் இணுவிலில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். இணுவிலில் அது புதினமில்லை. வளவுக்குள் அம்மம்மாவின் மூன்று மாடுகள், ஒரு மறியும் அதன் குட்டிகளும், எண்ணிக்கை ஒருநாளும் சரிவராத கோழிகள், இவை எல்லாவற்றையும் தானே மேய்ப்பதாக நினைத்துக்கொண்டு திரிந்த ஜிம்மி என்ற நாய். மாடு, ஆடு, கோழியெல்லாம் அம்மம்மாவுடையவை. நாய் மட்டும் அப்பாவுடையது. அது ஒன்றும் உழைக்கவில்லை.

பின்னேரம் ஓலை கிழித்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று கை உயர்த்தச் சொன்னால் பாதிப்பேராவது உயர்த்துவீர்கள். பனையோலையைச் சார்வு சார்வாகக் கிழித்து மாட்டுக்குப் போட வேண்டும். ஈர்க்கு அடுப்புக்குப் போகும். நான் ஓலை கிழிக்க அம்மா வாய்ப்பாடு கேட்பா. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு இன்றைக்கும் எனக்குப் பச்சை ஓலை மணக்கும். பூவரசங்குழை ஆட்டுக்கு, கழுநீர் மாட்டுக்கு. கழுநீருக்கு அயல் வீடுகளிலும் எங்கள் வாளி வைத்திருந்தோம். காலையில் அதை எடுக்கப் போகிற சாட்டில் ஊர்ப் புதினம் முழுவதும் அம்மம்மாவுக்கு வந்துவிடும். பனம்பழக் காலத்தில் மாடுகள் பழத்தைச் சூப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நமக்கும் பசி வரும். சாணி தோட்டத்துக்குப் போகும். அப்பாவின் புகையிலைக்கு எருக் கொடுத்ததும் அம்மம்மாவின் மாடுதான் என்பதை அம்மம்மா வருடத்தில் இரண்டு தரமாவது சபையில் சொல்லிக் காட்டுவா.

காலையில் நாலு போத்தல் பால், பின்னேரம் இரண்டு. பள்ளிக்கு வெளிக்கிடும்போது இரண்டு போத்தலைச் சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடையில் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. தண்ணீர் கலந்தால் மாட்டின் மடி வற்றிவிடும் என்று அம்மம்மா உறுதியாக நம்பினா. வைத்திய விஞ்ஞானத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பாலின் தரத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல விதி எதையும் நான் இதுவரை கேள்விப்படவில்லை.

பால் காசு அம்மம்மாவின் கொட்டப்பெட்டிக்குள் போகும். வெற்றிலையும் பாக்கும் அதற்குள்தான், என் ரியூசன் காசும் அதற்குள்தான். புகையிலைக் காசு வருடத்தில் ஒருமுறை பெருந்தொகையாக வந்து, உரக்கடைக்கும் கூலிக்கும் பழைய கடனுக்கும் என்று ஒரு கிழமையில் போய்விடும். பால் காசு நாளாந்தம் வந்தது. இந்த நாட்டில் 1945 இலிருந்து கல்வி இலவசம், 1980 இலிருந்து பாடப்புத்தகமும் இலவசம், 1993 இலிருந்து சீருடைத் துணியும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் கொப்பி, சப்பாத்து, ரியூசன், சைக்கிள் இவை ஒன்றும் இலவசமில்லை. நான் ஆறாம் ஆண்டுக்கு இந்தக் கல்லூரிக்கு வந்தபோது, பொருளாதாரத் தடைக் காலம், சைக்கிள் ரயர் தங்கத்தின் விலை. அம்மம்மா ஒரு நாகை விற்று எனக்குப் பழைய லுமாலா சைக்கிள் ஒன்று வாங்கித் தந்தா. அப்பாவிடம் கேட்கவில்லை, சொன்னா.

இது எப்படி நடந்தது என்பதைச் சில வருடங்களுக்கு முன்தான் சட்டத்தரணியான என் வகுப்புத் தோழி விளக்கினாள். நமது சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருக்கும். அது நமக்குப் பெருமை. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட பெண் ஒருத்தி, 1911 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அசையும் ஆதனமென்றால் அவள் விருப்பம். வீடு அசையா ஆதனம். மாடு அசையும் ஆதனம். அம்மம்மா எட்டாம் வகுப்புக்கூடப் படிக்கவில்லை, இந்தச் சட்டத்தின் பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டா. ஆனால் தன் பலம் எந்தக் கொட்டிலில் கட்டியிருக்கிறது என்பது அவவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் பார்த்த முதல் பிரசவமும் அந்தக் கொட்டிலில்தான். எனக்கு ஒன்பது பத்து வயது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயைத் துளித்துளியாகச் செலவழித்த காலம். குப்பிவிளக்கைப் பிடிக்கிறது என் வேலை. முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் தெரிந்ததும் "சரி, நேராத்தான் வருகுது" என்று அம்மம்மா நிம்மதியாக ஒரு வெற்றிலை மடித்தா. நான் இழுக்கச் சொன்னேன். "மாடு முக்கேக்கைதான் நாங்களும் இழுக்கவேணும். அது ஆறேக்கை நாங்களும் ஆறவேணும்" என்றா. பிறகு மகப்பேற்று மருத்துவம் படித்தபோது தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இதே சங்கதி இருந்தது. விடியற்காலை இளங்கொடியை உமலில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தார்கள். அடுத்த நாட்களில் கடும்பு. கடும்பின் ருசியை ரொறன்ரோவில் இருக்கும் அக்காமாருக்கு ஞாபகப்படுத்துவது பாவம், விட்டுவிடுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 ஐ இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்போது இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் அன்றிரவு மழையில் அந்த வீதியில் நின்றவர்கள்தான். வலிகாமம் முழுவதும், ஏறக்குறைய ஐந்து இலட்சம் சனம், ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க எத்தனை நிமிடம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டியைச் சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தேன். மாட்டைக் கொண்டு வர வழியில்லை. அசையும் ஆதனமாவது ஒன்றாவது, அந்தப் பாலத்தில் மனிதரே அசையவில்லை.

வெளிக்கிடுமுன் அம்மம்மா செய்தவை மூன்று. தொட்டிகளை நிரப்பினா, கையில் அகப்பட்ட பானையையெல்லாம் நிரப்பிக் கிணற்றடியில் வைத்தா. வைக்கோல் போரைச் சரித்துவிட்டா. பிறகு மாடு ஒவ்வொன்றினதும் கயிற்றை அவிழ்த்து, படலையை அகலத் திறந்து, அது பூட்டுப்படாதபடி ஒரு கல்லை வைத்தா. வீட்டுக் கதவைப் பூட்டினது அப்பா. அம்மம்மா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மட்டுவிலில் ஆறு மாதம். நல்ல சனம், நல்ல கத்தரிக்காய். 1996 ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடில்லை, ஜிம்மி இல்லை, எங்கள் மாடு ஒன்றுமில்லை. கொட்டிலுக்குள் யாருடையதோ ஒரு கறுத்தப் பசு, எலும்பும் தோலுமாக, சினையோடு நின்றது. துடையில் குறி சுட்டிருந்தது, எங்கள் பக்கத்துக் குறி இல்லை. அம்மம்மா அதற்குக் கழுநீர் வைத்துவிட்டு, கோயிலிலும் சங்கக்கடையிலும் குறியைச் சொல்லிச் சொல்லித் தேடினா. அது கன்று ஈன்றது. பாலை நாங்கள் குடித்தோம், விற்றோம்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு அம்மா வந்தா. மாவிட்டபுரம் பக்கம். 1990 இல் இடம்பெயர்ந்து மருதனார்மடத்தடியில் ஒரு கொட்டிலில் இருந்தவ. சீதனக் காணியின் உறுதி அவவின் கைப்பைக்குள் இருந்தது, காட்டினா. காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். ஊரை விட்டு வரும்போது கூட்டிவந்த கன்றுதான் வளர்ந்து இந்தப் பசுவாகியிருந்தது. பசுவைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. அது திரும்பிப் பார்த்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை. அம்மம்மா பசுவையும் கன்றையும் அவிழ்த்துக் கொடுத்தா. அந்த அம்மா கன்றை வாங்க மறுத்துவிட்டா. "வாரத்துக்கு வளர்த்தாலும் பாதி உங்களுக்குத்தானே, அக்கா. கன்று இங்கை நிக்கட்டும்." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சண்டை பிடிப்பது போலத்தான் கதைத்தார்கள். கன்று நின்றது. நாகுகன்று. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் நான் படித்த வருடங்களில் வீட்டில் பால் கறந்தது அதுவும் அதன் வயிற்றுக் கன்றும்தான்.

இனி என் தொழிலைப் பற்றி ஒரு சம்பவம். சென்ற வருடம் கர்ப்பவதி ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். முப்பத்தைந்து வாரம், குருதியமுக்கம் 160/110. உடனே வாட்டில் மறிக்க வேண்டும். "நாளைக்கு வாறன் டொக்டர்" என்றார். வலிப்பு வரும், பிள்ளைக்கும் ஆபத்து என்று இரண்டு பேர் ஏசினார்கள். அவர் அழுதார், இறங்கி வரவில்லை. "வீட்டில் என்ன நிக்குது?" என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாகு, டொக்டர். முதலீற்று. இண்டைக்கோ நாளைக்கோ தெரியாது." கணவர் கடலுக்குப் போகிறவர், மாட்டுப் பக்கமே வராதவர். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அழைப்பெடுத்தேன். அவரும் மாடு வளர்க்கிறவர், ஆகவே ஒன்றையும் விளக்க வேண்டி வரவில்லை. அரை மணித்தியாலத்தில் அயலில் ஒரு ஆச்சியை ஒழுங்கு செய்துவிட்டார். அந்தப் பெண் வாட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை மாடு, வியாழக்கிழமை இவர். இரண்டும் பெண். அதிலிருந்து, மறிக்க வேண்டிய தாய் தயங்கினால், வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். இளம் வைத்தியர்கள் சிரிப்பார்கள். ஆனால் இப்போது அவர்களும் கேட்கிறார்கள்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு காரியம். நமது உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். படிவத்தில் "தாயின் தொழில்" என்று அரை வரி இடம் இருக்கிறது. பெரும்பாலும் "இல்லை" என்றுதான் நிரப்பி வரும். இந்த வருடம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போனபோது "அம்மா என்ன செய்யிறா?" என்று கேட்டேன். "ஒண்டும் செய்யிறேல்லை, மிஸ். வீட்டிலைதான் நிக்கிறா" என்றது பிள்ளை. பின்னால் நாலு மாடும் பதினொரு ஆடும் நின்றன. தாய் ஓலை கிழித்துக்கொண்டிருந்தா.

அந்த அரை வரியை எடுத்துவிட்டு, "இந்தப் பிள்ளையின் படிப்புச் செலவு எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் உழைக்கிறார்கள்?" என்று கேட்டு நாலு வரி இடம் விட வேண்டும் என்று பிரேரணை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மாட்டைப் பற்றிப் பேச விட்டவர், இதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார் என்று நம்புகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.