பங்குனிக்கு முன்னே வீட்டைக் குளிர வைப்போம்



நம்ம சாயல்குடிப் பக்கம் பங்குனி பிறந்தாலே வெயில் கொளுத்தும். பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் மாடி ராத்திரியில் சூட்டை வீட்டுக்குள் இறக்கும். கைப்பிள்ளையும் வயசானவங்களும்தான் முதலில் துவண்டு போறாங்க. 2010-ல் அகமதாபாத்தில் வெயிலுக்குப் பல உயிர் போனது. இன்று அங்கே ஏழைப் பெண்கள் கூரைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வெள்ளை, வெயிலைத் திருப்பி விடும்.

நம்மாலும் முடியும். சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, வடிகட்டி, மாடியில் இரண்டு தடவை அடிப்போம். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்குவோம். தகரக் கூரைமேல் பனையோலை பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் கட்டுவோம். அடுப்புக்கு மேலே மட்டும் ஓலை வேண்டாம்.

குழுவாகச் சுண்ணாம்பு வாங்கி, ஒருவருக்கொருவர் கைகொடுத்தால் கூலி மிச்சம். எந்த வீட்டில் தொடங்குவது என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுவோம். கைப்பிள்ளை இருக்கும் வீடே முதல் வீடாக இருக்கட்டும்.